கேள்வி கேட்டவர் பதில் சொல்ல வந்தபோது

2014 மே 15. கனடாவின் மேற்குக் கரையில், விக்டோரியா நகரின் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கிறது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணச் சட்டமன்றம். அன்று அங்கே ஒரு வித்தியாசமான தீர்மானம் வந்தது. சீனர்களுக்கு எதிராக ஒரு காலத்தில் இதே மன்றம் அடுக்கடுக்காக இயற்றிய சட்டங்களுக்காக, இதே மன்றம் மன்னிப்பு கேட்டது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதம் இல்லாமல் எல்லா உறுப்பினர்களும் அதை ஆதரித்தார்கள்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அப்போதைய முதல்வர் கிறிஸ்டி கிளார்க். ஆனால், அதற்கான அடித்தள வேலைகளைச் செய்து மன்றத்தின் வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தவர் இன்னொரு பெண். பெயர் தெரசா வாட். பன்னாட்டு வர்த்தகமும் பன்முகப் பண்பாடும் அவருடைய துறைகள். அமைச்சராகி அப்போது ஓராண்டுகூட முடியவில்லை. அதற்குமுன் அவர் சட்டமன்றத்தில் உட்கார்ந்ததே இல்லை. ஹாங்காங்கிலிருந்து குடியேறியவர், வான்கூவர் பகுதியில் சீன மொழி வானொலி நிலையம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தவர்.

தினமும் அடுத்தவரைக் கேள்வி கேட்டுப் பழகிய ஒருவர், நூறு வருடத்துக்கு முந்தைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அது சாதாரண இடமாற்றம் இல்லை.

விண்வெளி வீரர்களின் மனைவிகள்

ஹாங்காங்கை 1997-ல் சீனாவிடம் ஒப்படைப்பது என்று பிரிட்டனும் சீனாவும் 1984-ல் ஒப்பந்தம் போட்டன. ‘அதற்குப் பிறகு என்ன ஆகும்?’ என்ற கவலை அன்றே வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது. 1989 ஜூனில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் ராணுவம் சுட்டபோது, கவலை பயமாக மாறியது. பாஸ்போர்ட்டும் பள்ளிச் சான்றிதழ்களும் கைப்பையில் ஏறின. வசதி உள்ள குடும்பங்கள் கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கிளம்பின. வாட் கனடாவுக்கு வந்ததும் அந்த 1980-களின் இறுதியில்தான்.

வந்தவர்களில் பெரும்பகுதியினர் குடியேறிய ஊர்களில் ஒன்று ரிச்மண்ட். வான்கூவருக்குத் தெற்கே, ஃப்ரேசர் ஆறு கடலில் கலக்கும் இடத்தில் இருக்கும் தட்டையான தீவு நகரம். வான்கூவர் விமான நிலையமே ரிச்மண்ட் எல்லைக்குள்தான் இருக்கிறது. இன்று அந்நகர மக்களில் ஏறத்தாழ பாதிப் பேர் சீன வம்சாவளியினர். ஹாங்காங்கின் அபர்டீன் பகுதியின் பெயரிலேயே அங்கே ஒரு பெரிய வணிக வளாகம் இருக்கிறது.

வந்த குடும்பங்களில் ஒரு வழக்கம் பரவியது. மனைவியையும் பிள்ளைகளையும் கனடாவில் குடிவைத்துவிட்டு, கணவர் மட்டும் சம்பாதிக்க ஹாங்காங்குக்குத் திரும்பிவிடுவார். சில மாதங்களுக்கு ஒருமுறை பசிபிக் பெருங்கடலைத் தாண்டிப் பறந்து வருவார். இப்படிப்பட்ட கணவர்களுக்குச் சீன மொழியில் ‘விண்வெளி வீரர்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் மாற்றிப் பிரித்தால் ‘மனைவி இல்லாத வீட்டுக்காரர்’ என்றும் பொருள் வருமாம். கணவர் துபாயிலும் மஸ்கட்டிலும் இருக்க, தனியாகப் பிள்ளைகளை வளர்த்த நம்மூர்ப் பெண்களுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்களின் நாளைக் கற்பனை செய்து பாருங்கள். பிள்ளைகள் பள்ளிக்குப் போயாயிற்று. வெளியே விடாத மழை. பக்கத்து வீட்டுக்காரர் பேசும் ஆங்கிலம் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. தபாலில் வந்திருக்கும் கடிதம் வரியைப் பற்றியதா, பள்ளிக்கூடத்தைப் பற்றியதா என்று தெரியவில்லை. அப்போது சமையலறையில் ஒரு குரல் கான்டனீஸ் மொழியில் பேசுகிறது. இன்றைய செய்தி இது, சாலையில் பனி உறைந்திருக்கிறது, மருத்துவ அட்டைக்கு இப்படி விண்ணப்பிக்க வேண்டும், இந்தத் தேர்தலில் நிற்பவர்கள் இவர்கள்!

புலம்பெயர்ந்தோர் வானொலி என்பது இதுதான். பாட்டுப் பெட்டியாக மட்டும் அது இருப்பதில்லை. விசாரணைக் கவுன்ட்டர், பக்கத்து வீட்டு அக்கா, ஊர்த் திண்ணை மூன்றும் சேர்ந்தது அது. டொராண்டோவில் ஈழத்தமிழர்களுக்குக் கீதவாணியும் சி.எம்.ஆரும் சி.டி.பி.சியும் செய்த வேலையும் இதேதான். ஊரில் நடந்த சாவுச் செய்தியிலிருந்து உள்ளூர் மளிகைக்கடைத் தள்ளுபடிவரை வானொலி வழியாகவே வீட்டுக்குள் வந்தன.

ஹாங்காங்கிலேயே ஊடகத்தில் வேலை பார்த்திருந்த வாட், வான்கூவரிலும் அதையே தொடர்ந்தார். சேனல் எம் என்ற பலமொழித் தொலைக்காட்சியின் செய்திப் பிரிவில் பொறுப்பு வகித்தார். பிறகு ஏ.எம். 1320 என்ற வானொலி நிலையத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார். கான்டனீஸ், மாண்டரின் நிகழ்ச்சிகள் அங்கே பிரதானம். வீட்டுக்கு வீடு தெரிந்த நிலையம் அது.

இப்படிப்பட்ட வானொலியில் இருப்பவருக்குக் கிடைக்கும் செல்வம் பணம் அல்ல, நம்பிக்கை. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் ‘அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்’ என்று நினைக்கிறார்கள். அரசியல் கட்சிகள் இப்படிப்பட்டவர்களைத் தேடி வருவதும் அதனால்தான். வந்து கேட்கும்போது என்ன பதில் சொல்வது என்பதில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

‘சுலப வெற்றி’ என்றொரு சொல்

2013-ன் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவை ஆண்ட லிபரல் கட்சி சங்கடத்தில் இருந்தது. மே மாதம் தேர்தல். எதிர்க்கட்சியான என்.டி.பி. ஜெயிக்கும் என்றே கருத்துக்கணிப்புகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில், பிப்ரவரி இறுதியில், ஓர் ஆவணம் வெளியே கசிந்தது.

புலம்பெயர்ந்த சமூகங்களின் வாக்குகளை எப்படிக் கவர்வது என்று முந்தைய ஆண்டு போடப்பட்ட ரகசியத் திட்டம் அது. அரசு ஊழியர்களின் நேரத்தையும் கட்சி வேலையையும் கலந்து போட்ட திட்டம் என்பது முதல் குற்றச்சாட்டு. அதைவிட மனதைச் சுட்டது இன்னொன்று. கடந்த காலத்தில் இழைத்த அநீதிகளுக்காக அந்தச் சமூகங்களிடம் மன்னிப்பு கேட்பதை ‘சுலப வெற்றி’களில் ஒன்றாக அந்த ஆவணம் குறித்துவைத்திருந்தது.

நூறாண்டு வலி, தேர்தல் கணக்கில் ஒரு வரி! சீன, இந்தியச் சமூகங்களில் கோபம் பொங்கியது. முதல்வர் கிளார்க் வருத்தம் தெரிவித்தார். பன்முகப் பண்பாட்டுத் துறை அமைச்சர் பதவி விலகினார். அவரும் சீன வம்சாவளியினர், அவரும் ரிச்மண்ட் பகுதி உறுப்பினர். தேர்தலுக்கு முன்பே சீனர்களிடம் மன்னிப்பு கேட்டுவிடலாம் என்று இருந்த யோசனை அப்படியே கிடப்பில் போனது.

வாட் வேட்பாளராகக் களமிறங்கியது இப்படிப்பட்ட தேர்தலில்தான். தொகுதி, ரிச்மண்ட் சென்டர்.

சரியாக நினைத்துப் பார்த்தால், ஒரு செய்தியாளர் ஓடி ஒளிய வேண்டிய நேரம் அது. ‘சமூக வாக்குகளுக்காகத்தானே உங்களைக் கூப்பிட்டார்கள்?’ என்ற கேள்வி எழாமல் இருக்காது. வானொலியில் இருந்திருந்தால் அந்தக் கேள்வியை அவரே கேட்டிருக்கலாம். இப்போது அவர் மேஜைக்கு அந்தப் பக்கம்.

முதல்வர் கிளார்க்கும் ஒரு வகையில் வானொலிக்காரர்தான். அரசியலை விட்டு விலகியிருந்த காலத்தில், 2007 முதல் 2010 வரை வான்கூவரின் சி.கே.என்.டபிள்யூ. வானொலியில் நேயர்களோடு பேசும் நிகழ்ச்சி நடத்தியவர். அங்கிருந்து திரும்பி வந்து 2011-ல் முதல்வரானவர். இருவருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கிளார்க் அரசியலிலிருந்து வானொலிக்குப் போய்த் திரும்பியவர், பிறந்ததும் அந்த மாகாணத்திலேயே. வாட், அங்கே குடியேறி, தன் சமூகத்தின் காதில் மட்டும் ஒலித்த குரலோடு பொது மேடைக்கு வந்தவர்.

கனடாவில் குடியேறிய ஒளிபரப்பாளர்கள் உயரத்துக்குப் போனது அது முதல்முறை இல்லை. ஹாங்காங்கில் பிறந்த ஏட்ரியன் கிளார்க்சனும் ஹைட்டியில் பிறந்த மிஷேல் ஜானும் தொலைக்காட்சியிலிருந்து கவர்னர் ஜெனரல் பதவிக்கே போனார்கள். ஆனால் அது நியமனப் பதவி, மரியாதைக்குரிய இடம். வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்க வேண்டியதில்லை. கதவைத் திறந்தவர் முகத்துக்கு நேராகச் சொல்லும் கோபத்தைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதும் இல்லை. தொகுதி அரசியல் அப்படி விடுவதில்லை.

தேர்தலில் கருத்துக்கணிப்புகள் எல்லாம் பொய்த்தன. லிபரல் கட்சி மீண்டும் ஆட்சியைப் பிடித்தது. வேடிக்கை என்னவென்றால், கிளார்க் தன் சொந்தத் தொகுதியில் தோற்றுப்போய், இடைத்தேர்தலில் வேறு தொகுதியில் ஜெயிக்க வேண்டியிருந்தது. வாட் ஜெயித்தார். ஜூன் மாதம் அமைச்சரானார். எந்தத் துறையைச் சுற்றிச் சர்ச்சை வெடித்ததோ, அந்தப் பன்முகப் பண்பாட்டுத் துறை அவர் கைக்கு வந்தது. கிடப்பில் போட்ட மன்னிப்பும் அதோடு சேர்ந்து வந்தது.

ஐந்நூறு டாலர்

அந்த மன்னிப்பு எதற்காக?

கனடாவைக் கிழக்கிலிருந்து மேற்குவரை இணைத்த பசிபிக் ரயில் பாதையின் மிகக் கடினமான மலைப்பகுதி பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருக்கிறது. 1880-களின் தொடக்கத்தில் அங்கே பாறையை உடைக்கவும் சுரங்கம் குடையவும் சுமார் 15,000 சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரத் தொழிலாளிக்குக் கொடுத்ததைவிடக் குறைந்த கூலி. வெடிவிபத்திலும் நோயிலும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பாதை 1885-ல் முடிந்தது. அதே 1885-ல் கனடா அரசு ஒரு சட்டம் போட்டது. இனி நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனரும் 50 டாலர் தலைவரி கட்ட வேண்டும்!

1900-ல் அது 100 டாலராயிற்று. 1903-ல் 500 டாலர். ஒரு சீனத் தொழிலாளியின் ஏறக்குறைய இரண்டு வருடச் சம்பளம். வேறு எந்த நாட்டுக் குடியேறிக்கும் இப்படியொரு வரி இல்லை. 80,000-க்கும் மேற்பட்டவர்கள் கட்டினார்கள். வசூலானது சுமார் 2.3 கோடி டாலர். அதில் ஒரு பங்கு பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் கஜானாவுக்கும் போனது.

வரி போட்டும் வருவது நிற்கவில்லை என்று, 1923 ஜூலை 1 முதல் கதவையே சாத்திவிட்டார்கள். அடுத்த 24 ஆண்டுகளில் உள்ளே விடப்பட்ட சீனர்கள் ஐம்பது பேருக்கும் குறைவு. குவாங்டாங் கிராமங்களில் மனைவியை விட்டுவிட்டு ‘தங்கமலை’க்குச் சம்பாதிக்க வந்த ஆண்கள் இந்தக் கரையிலேயே கிழவர்களானார்கள். கல்யாணமான சில மாதங்களில் பிரிந்து, பிறகு வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை மட்டும் கணவரைப் பார்த்த பெண்கள் அந்தக் கரையில் கிழவிகளானார்கள். ‘விண்வெளி வீரர்’ குடும்பங்களுக்கு விமானம் இருந்தது. இவர்களுக்குக் கடிதம் மட்டும்தான்.

தலைவரி, மத்திய அரசின் சட்டம். மாகாணத்தின் கை சுத்தமா? இல்லவே இல்லை. சீனர்களுக்கு ஓட்டு இல்லை என்று 1870-களிலேயே மாகாணம் முடிவு செய்துவிட்டது. வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவர் வழக்கறிஞராகவோ மருந்தாளுநராகவோ ஆக முடியாது. இன்ன வேலைக்குச் சீனரை வைக்கக் கூடாது என்று கம்பெனிகளுக்கான சட்டங்களிலேயே ஒரு வரி சேர்ப்பார்கள். இப்படிப் பாகுபாடு காட்டிய சட்டங்களையும் விதிகளையும் பிற்பாடு தேடி எடுத்தபோது, எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

ரிச்மண்டின் கதையும் இதில் உண்டு. இன்று சுற்றுலாப் பயணிகள் மீன் வறுவல் சாப்பிடப் போகும் ஸ்டீவ்ஸ்டன் கரையில், அன்று வரிசையாக மீன் டப்பாத் தொழிற்சாலைகள். சால்மன் மீனை வெட்டிச் சுத்தம் செய்தவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். அவர்கள் வேலையைச் செய்ய ஓர் இயந்திரம் வந்தபோது, சீனர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லையே அந்த இயந்திரத்துக்குப் பெயராக வைத்தார்கள். அந்த ஊரிலிருந்துதான் ஒரு நூற்றாண்டு கழித்து ஹாங்காங்கிலிருந்து வந்த ஒரு பெண் சட்டமன்றத்துக்குப் போனார்.

இந்தியர்களும் தப்பவில்லை. 1907-ல் அவர்களுக்கும் ஓட்டு பறிபோனது. 1914-ல் 376 பேருடன் வான்கூவருக்கு வந்த கோமகட்டா மாரு கப்பலை இரண்டு மாதம் கடலிலேயே நிறுத்திவைத்துத் திருப்பி அனுப்பியது இதே கரையிலிருந்துதான். சீனருக்கும் இந்தியருக்கும் மாகாணத்தில் ஓட்டு திரும்பக் கிடைத்தது ஒரே ஆண்டில், 1947-ல்.

காது கொடுக்கும் வேலை

மன்னிப்பு வாசகத்தை அதிகாரிகள் நாலு பேர் உட்கார்ந்து எழுதிவிடலாம். ‘சுலப வெற்றி’ சர்ச்சைக்குப் பிறகு அப்படிச் செய்தால் யாரும் ஏற்க மாட்டார்கள். அதனால், முதலில் மக்களிடம் போவது என்று முடிவானது. 2013 நவம்பரிலிருந்து அடுத்த ஜனவரிவரை மாகாணத்தின் பல ஊர்களில் ஏழு பொதுக்கூட்டங்கள் நடந்தன. முன்னின்று நடத்தியவர் வாட்.

வானொலியில் நேயர் தொலைபேசியில் வந்தால் இரண்டு நிமிடம், அதற்குப் பிறகு விளம்பர இடைவேளை. இங்கே இடைவேளை இல்லை. தலைவரி கட்டியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எழுந்து நின்று பேசினார்கள். சிலர் மன்னிப்பு வேண்டும் என்றார்கள். சிலர், பாடப்புத்தகத்தில் இது இடம்பெற வேண்டும் என்றார்கள். வாங்கிய வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் அழுத்தமான குரல்கள் எழுந்தன.

இதில் வெளியாருக்குத் தெரியாத ஒரு நெருடலும் இருந்தது. தலைவரி கட்டியவர்களின் குடும்பங்கள் பெரும்பாலும் தைஷான் பக்கத்துக் கிராம வழக்கைப் பேசியவர்கள். சலவைக்கடை, சிறு உணவகம் என்று கஷ்டப்பட்டு மேலே வந்தவர்கள். 1980-களில் விமானத்தில் வந்து இறங்கிய ஹாங்காங்காரர்களுக்கு அந்தக் கதை பெரும்பாலும் வேறு யாரோ ஒருவருடைய தாத்தாவின் கதை. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எல்லோரும் ‘சீனர்கள்’. உள்ளே இரண்டு வெவ்வேறு வரலாறுகள். புதிதாக வந்த தலைமுறையைச் சேர்ந்த ஓர் அமைச்சர், பழைய தலைமுறையின் காயத்துக்கு மருந்து தேட வேண்டியிருந்தது. அதுவும், அந்தக் காயத்தை ஓட்டுக் கணக்கில் எழுதிவைத்திருந்த கட்சியின் பிரதிநிதியாக.

பணம் பற்றிய கேள்விக்கு அரசு இறங்கிவரவில்லை. மத்திய அரசு 2006-லேயே நாடாளுமன்றத்தில் மன்னிப்பு கேட்டு, அப்போது உயிருடன் இருந்த தலைவரி கட்டியவர்களுக்கும் அவர்களது துணைவர்களுக்கும் ஆளுக்கு 20,000 டாலர் கொடுத்திருந்தது. ஆனால், அதற்குள் பெரும்பாலானோர் இறந்துபோயிருந்தார்கள். அப்பா இறந்துவிட்டார், அம்மாவும் இறந்துவிட்டார் என்ற ஒரே காரணத்தால் அந்தக் குடும்பக் கடன் தீர்ந்துவிடுமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். மாகாணம் தனிநபர் இழப்பீடு தரவில்லை. கல்விக்கும் வரலாற்றுப் பணிகளுக்குமாகப் பத்து லட்சம் டாலர் ஒதுக்கியது. அந்தக் குறை சிலர் மனதில் இன்றும் இருக்கிறது. அதைத் தவறென்று சொல்லிவிட முடியாது.

எங்கே நின்று சொல்கிறார்கள்?

சொல் மட்டும் போதுமா என்று கேட்பவர்கள், கோமகட்டா மாரு விஷயத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா சட்டமன்றம் 2008 மே மாதம் அதற்கு மன்னிப்பு கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர், சர்ரே நகரத்துப் பூங்கா ஒன்றில் நடந்த விழா மேடையில் மன்னிப்பு கேட்டார். கூட்டத்திலிருந்த சீக்கியப் பிரதிநிதிகள் அங்கேயே அதை ஏற்க மறுத்துவிட்டார்கள். தப்பு நடந்தது நாட்டின் பெயரால், மன்னிப்பும் நாட்டின் சபையில்தான் என்றார்கள். எட்டு ஆண்டுகள் விடாமல் கேட்டார்கள். 2016 மே 18 அன்று பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்துக்குள் எழுந்து நின்று மன்னிப்பு கேட்டார்.

ஆக, சொல்லும் முக்கியம், சொல்லும் இடமும் முக்கியம். பூங்காவில் சொன்னால் அது பேச்சு. சபையில் சொன்னால் அது பதிவு. சட்டம் இயற்றிய அதே இடத்தின் ஏட்டில், அந்தச் சட்டம் தவறு என்று எழுதப்படுகிறது. 2014 மே 15-ல் விக்டோரியாவில் நடந்தது அதுதான். வானொலியில் எத்தனை மணி நேரம் பேசியிருந்தாலும் அந்த ஏட்டில் ஒரு வரியைக்கூட எழுத முடியாது. ஒரு செய்தியாளர் அரசியலுக்குப் போவதற்கு நியாயம் தேடினால், அது இந்த ஒரு வரியில் இருக்கிறது.

அந்தச் சட்டமன்றத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் எஸ்கிமால்ட் கடற்படைத் தளம் இருக்கிறது. 2010 ஆகஸ்டில் 492 ஈழத்தமிழர்களுடன் வந்த எம்.வி. சன் ஸீ கப்பலை அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்படக் கப்பலில் வந்தவர்களைத் தடுப்புக்காவலில் வைத்து விசாரித்தார்கள். யார் இவர்கள், எதற்கு வந்தார்கள், திருப்பி அனுப்பலாமா என்று நாடெங்கும் விவாதம் நடந்தது. 1914-ல் வான்கூவர் கடலில் நின்ற கப்பலைப் பற்றி எழுப்பிய அதே கேள்விகள். பழைய தவறுக்கு மன்னிப்பு கேட்பதன் பயன் இதுதான்: புதிதாக ஒரு கப்பல் வரும்போது, சபையில் இருப்பவர்களுக்குப் பழைய ஏட்டைத் திருப்பிப் பார்க்க ஒரு பக்கமாவது இருக்கும்.

மன்னிப்போடு சில வேலைகளும் தொடர்ந்தன. சீனர்களின் வரலாற்றோடு தொடர்புடைய இடங்கள் மாகாணத்தின் வரலாற்றுச் சின்னங்களாக அங்கீகரிக்கப்பட்டன. பள்ளிகளுக்குப் பாடக்குறிப்புகள் தயாராயின. பழைய தனிச் சட்டங்களில் தூங்கிக்கொண்டிருந்த பாகுபாட்டு வாசகங்களை நீக்க 2018-ல் மாகாணம் ஒரு சட்டமே இயற்றியது. அப்போது ஆட்சியில் இருந்தது என்.டி.பி. அதே ஆண்டு வான்கூவர் நகராட்சியும் தன் பங்குக்குச் சீனர்களிடம் மன்னிப்பு கேட்டது. ஆட்சி மாறியும் வேலை நிற்கவில்லை என்பது சின்ன விஷயமல்ல.

திரும்பிப் போக முடியாத நாற்காலி

2017 தேர்தலில் லிபரல்களுக்கு 43 இடம், என்.டி.பி-க்கு 41, பசுமைக் கட்சிக்கு 3. பசுமைக் கட்சியின் ஆதரவோடு என்.டி.பி. ஆட்சி அமைத்தது. வாட் மீண்டும் ஜெயித்தார், ஆனால் இந்த முறை எதிர்க்கட்சி வரிசையில். அமைச்சர் காரும் அதிகாரிகளும் போய், மறுபடியும் கேள்வி கேட்கும் வேலை.

பழைய தொழில்தானே என்று தோன்றலாம். இல்லை. வானொலியில் கேட்கும் கேள்விக்குப் பின்னால் கேட்பவருக்கு எந்தக் கட்சியும் கிடையாது. சபையில் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு கட்சி நிற்கிறது. கேட்பவர் நல்ல எண்ணத்தோடு கேட்டாலும், ‘நீங்கள் ஆட்சியில் இருந்தபோது என்ன செய்தீர்கள்?’ என்ற பதில் தயாராக இருக்கும்.

கட்சியும் நிலையாக இல்லை. லிபரல் கட்சி 2023-ல் ‘பி.சி. யுனைடெட்’ என்று பெயர் மாற்றிக்கொண்டது. மக்களுக்குப் பெயரே பிடிபடவில்லை. ஆதரவு கரைந்தது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் கன்சர்வேடிவ் கட்சிக்குப் போனார்கள். 2024 கோடையில் வாட்டும் போனார். அந்த ஆகஸ்டு முடிவதற்குள் பி.சி. யுனைடெட் தேர்தல் களத்திலிருந்தே விலகிக்கொண்டது. அக்டோபரில் ரிச்மண்ட்-பிரிட்ஜ்போர்ட் தொகுதியில் கன்சர்வேடிவ் வேட்பாளராக வாட் ஜெயித்தார். ஆட்சி மறுபடியும் என்.டி.பி-க்கு.

கட்சி மாறியதைச் சிலர் ஏற்பார்கள், சிலர் ஏற்க மாட்டார்கள். அரசியலில் அது சகஜம். ஆனால் வானொலிக் காலத்தில் எல்லோருக்கும் பொதுவாக ஒலித்த குரல் இனி எல்லோருக்கும் பொதுவாக ஒலிக்காது. அரசியலுக்குப் போகும் ஒவ்வொரு செய்தியாளரும் கொடுக்கும் விலை அது. பதவி போகலாம், திரும்ப வரலாம். போன பொதுத்தன்மை திரும்புவது கஷ்டம்.

அந்த விலைக்கு என்ன கிடைத்தது என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கணக்குப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இழப்பீடு கேட்டுக் கிடைக்காதவர்களின் கணக்கு ஒன்று. சபையின் மேல்மாடத்தில் உட்கார்ந்து, தன் அப்பாவை ஆளாகவே மதிக்காத அரசு தன் தவறை ஒப்புக்கொண்டதைக் கேட்டவர்களின் கணக்கு வேறு. இரண்டையும் ஒன்றை வைத்து ஒன்றை அழித்துவிட முடியாது.

கடைசியாக ஒரு தேதி. ஜூலை 1, கனடாவின் தேசிய நாள். 1923-ல் சீனர்களுக்குக் கதவைச் சாத்திய சட்டம் அமலுக்கு வந்ததும் ஜூலை 1. அதனால் நாடே கொண்டாடும் அந்த நாளை ‘அவமான நாள்’ என்று சொல்லி, சீனர்கள் பல ஆண்டுகள் கடையடைத்து ஒதுங்கியிருந்தார்கள். 1997-ல் ஹாங்காங் சீனாவிடம் போனதும் ஜூலை 1. எந்த நாளுக்குப் பயந்து அத்தனை குடும்பங்கள் கிளம்பி வந்தனவோ, அந்த நாள்.

இன்று ரிச்மண்டின் ஸ்டீவ்ஸ்டனில் ஆண்டுதோறும் ஜூலை 1 அன்று சால்மன் மீன் திருவிழா நடக்கிறது. ஊர்வலம் போகிறது, மீன் தணலில் வேகிறது, சின்னப் பிள்ளைகள் சிவப்பு வெள்ளைக் கொடியை ஆட்டுகிறார்கள். அதே கரையில் மீன் வெட்டிய கைகளைப் பற்றியும், அன்று சாத்திய கதவைப் பற்றியும் அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்ல வேண்டும். வானொலியிலோ, பள்ளியிலோ, சட்டமன்றத்திலோ, வீட்டுச் சமையலறையிலோ!